மாப்பிள்ளையின் சைலன்சர் சரிசெய்யப்பட்ட விவரம்

கிழக்கு கிட்வாய் நகர்,
புது டெல்லி.
அக்டோபர் 16, வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை கேப்டன் கௌதமன் அவர்களுக்கு,

மாமா பரமசிவம் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை பூங்கோதை, உங்கள் கார் ஆகிய மூவரும் சுகம். ஜனக்புரியில் உங்கள் அம்மாவும் எங்கள் பிரியதர்ஷினியும் சுகம். பிரியாவுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. எல்லாம் நார்மலாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அங்கே லடாக்கில் இப்போதே மூக்கு உறைகிற குளிர் என்று கேள்விப்பட்டோம். அத்தை அனுப்பிய பருப்புப்பொடியும் குரங்குக் குல்லாயும் கைக்கு வந்ததா என்று ஒரு வரி எழுதவும். மலைமேல் இருக்கிற உங்களுக்கு மலைமேல் இருக்கிற முருகன் துணை இருப்பான்.

நலம் விசாரிக்கிற இடத்தில் காரையும் சேர்த்துவிட்டாரே மாமா என்று நினைக்க வேண்டாம். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைக்கிற ஐந்து நிமிடப் போனில் நான் குறுக்கே வந்து சைலன்சர் கதை பேசினால் பிரியா என்னை மன்னிக்க மாட்டாள். அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அவளுக்கு, இரண்டு நிமிடம் உங்கள் அம்மாவுக்கு என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஆகையால் எழுத்து மூலம் சமர்ப்பிக்கிறேன். முப்பத்தாறு வருஷமாக மத்திய சர்க்காரில் எழுதி எழுதியே காலம் தள்ளியவன் நான். எழுதினால்தான் எனக்கும் விஷயம் வரிசையாக வரும்.

ஏப்ரல் மாதம் நீங்கள் புறப்படும்போது சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போங்க மாமா, அது போதும்" என்றீர்கள். நானும் புதன், ஞாயிறு என்று நாள் குறித்துக்கொண்டு, தவறாமல் செய்து வந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் நீங்கள் கரோல் பாக் போய், கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு ஸ்டீல் சைலன்சர் மாட்டிக்கொண்டு வந்தீர்கள். அதன் வாய்க்குள் நம் வீட்டு டவரா அப்படியே போகும். அதிலிருந்து வந்த சத்தத்தைக் கம்பீரம் என்று நீங்கள் சொன்னீர்கள். மாப்பிள்ளை சொன்னால் கம்பீரம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. மழைக்காலம் முடிகிறவரை அது கம்பீரமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமை காலை வண்டியை ஸ்டார்ட் செய்தபோது டப் டப் டப் என்று புதிதாக ஒரு சத்தம் கேட்டது. முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. நம் கட்டடத்தின் பார்க்கிங் தரைக்குக் கீழே இருக்கிறது அல்லவா, அங்கே ஒரு ஆள் தும்மினாலே பத்துப் பேர் தும்மின மாதிரிதான் கேட்கும், அந்த எதிரொலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் டப் டப் போய் தட தட வந்தது. அதற்கடுத்த வாரம் வண்டிக்குள் புகை வாசம் அடித்தது, அத்தைக்குத் தலைவலி வந்தது. அந்த நிலைமையில்தான், வளைகாப்புக்கு நாள் பேசுவதற்காக நாங்கள் இரண்டு பேரும் பழம், பூ, இனிப்போடு ஜனக்புரிக்கு வந்து சேர்ந்தோம். உங்கள் அம்மா மூன்றாவது மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் தெருமுனை திரும்பும்போதே இரண்டு நாய் எழுந்து ஓடியது, ஒரு குழந்தை அழுதது. மேலே போனவுடன் உங்கள் அம்மா தண்ணீர் கூடக் கொடுக்காமல் கேட்ட முதல் கேள்வி, "என்னண்ணே, ட்ராக்டர்லயா வந்தீக?" என்பதுதான்.

நாள் பேசி முடித்தோம். நவம்பர் ஆறாம் தேதி வளைகாப்பு, அன்றைக்கே பிரியாவைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவது என்று முடிவானது. எல்லாம் சுமுகமாகத்தான் போனது. கிளம்பும்போது, வழியனுப்பக் கீழே இறங்கி வந்த உங்கள் அம்மா காரின் பின்கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்கள். "இந்தக் கார்ல என் மருமக ஏற மாட்டா. வயித்துல புள்ள இருக்கு. இந்தப் புகையில எப்படி அனுப்புவேன்?" நியாயமான கேள்விதான். நான் உடனே, டாக்ஸி சொல்லிவிடுகிறேன் என்றேன். "டெல்லி டாக்ஸிக்காரன் ஓட்டுறத நான் பாத்திருக்கேன், வேணாம்" என்றார்கள். உங்கள் அத்தை மெட்ரோவைப் பற்றி வாயைத் திறந்தாள். "ராஜீவ் சௌக் கூட்டத்துலயா மதினி?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆக, பிரியா எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமானால் ஒரே வழி, உங்கள் காரின் சைலன்சர் சரியாக வேண்டும். சரியாகவில்லை என்றால் பிரசவம் ஜனக்புரியில்தான் என்று உங்கள் அம்மா நேரடியாகச் சொல்லவில்லை, சொல்லாமலும் விடவில்லை.

மாப்பிள்ளை, உங்களிடம் ஒளிப்பானேன். இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. பிரியா பிறந்தபோது நான் சண்டிகரில் இன்ஸ்பெக்‌ஷன் டூரில் இருந்தேன். உங்கள் அத்தைக்கு வலி எடுத்து, எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், குழந்தை பிறந்து மூன்று நாள் கழித்துத்தான் நான் வந்து பார்த்தேன். அத்தை இன்றுவரை அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். என் பெண்ணையாவது நானே வண்டி ஓட்டி வீட்டுக்கு அழைத்து வந்து, நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு நடுவே இரண்டு அங்குலக் குழாய் ஒன்று வந்து நின்றுகொண்டது.

ஆகவே செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி ஒரு கோப்பு திறந்தேன். அத்தை சிரித்தாள். சிரிக்கட்டும். பொருள்: வாகனப் புகைக்குழாய் இணைப்பில் கசிவு. முதல் குறிப்பாக, நிபுணர் கருத்து கேட்கலாம் என்று எழுதி, ஆறாவது மாடி ஜெயசீலனைக் கூப்பிட்டேன். நாகர்கோவில்காரர், பாதுகாப்பு அமைச்சகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறார். டாங்கிக்கு உதிரிபாகம் வாங்குகிற கோப்பு பார்த்தவருக்குக் கார் எம்மாத்திரம் என்று நினைத்தேன். அவர் பாயை விரித்துப் படுத்துக் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கசிவு எங்கன்னு கண்ணால தெரியாது. ஈரத்துணிய வச்சு சைலன்சர் வாய அடைக்கணும், சோப்புத் தண்ணிய எல்லா ஜாயிண்ட்லயும் தெளிக்கணும், எங்க குமிழி வருதோ அதாக்கும் எடம்" என்றார். யோசனை நல்ல யோசனைதான். தடிமனான துணி வேண்டும், ஈரம் தாங்க வேண்டும், காற்று புகக் கூடாது என்றார். வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன், அந்த மூன்று லட்சணமும் பொருந்திய துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இட்லித் துணி.

என்ஜின் சூடாகும் முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதால் அவசரமாக இறங்கினோம். ஜெயசீலன் துணியை நனைத்துச் சுருட்டி சைலன்சர் வாயில் திணித்து, செருப்புக் காலால் அழுத்திக்கொண்டு நின்றார். நான் ஸ்டார்ட் செய்துவிட்டுச் சோப்புத் தண்ணீரோடு அடியில் புகுந்தேன். பளிச்சென்று தெரிந்தது மாப்பிள்ளை. கம்பெனிக் குழாயும் உங்கள் கரோல் பாக் குழாயும் சேருகிற இடத்தில், கிளாம்புக்கு இரண்டு பக்கமும், குழந்தை எச்சில் ஊதுகிற மாதிரி குமிழி குமிழியாக வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் கத்தினேன். அதைக் கேட்ட சந்தோஷத்தில் ஜெயசீலன் காலை எடுத்துவிட்டார். துணி பறந்துபோய், அலுவலகத்துக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக அப்பியது. அவர் அரியானாக்காரர், நல்ல மனிதர். "பரம்சிவம்ஜி, யே க்யா ஹை?", இது என்ன என்று மட்டும் கேட்டார். இட்லித் துணிக்கு இந்தியில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டேன்.

துணியை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அங்கேதான் நான் தப்பு செய்தேன். அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இட்லி சாம்பல் நிறத்தில் வந்தது. உளுந்து சரியில்லை என்று அத்தை கடைக்காரனைத் திட்டினாள், நானும் சேர்ந்து திட்டினேன். மூன்றாவது இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "ஏங்க, இதுல ஏன் ஜனக்புரி போன அன்னைக்கு அடிச்ச வாசம் அடிக்குது?" என்று கேட்டாள். அப்புறம் நடந்ததை இந்தக் கடிதத்தில் எழுதுவது மரியாதையாக இருக்காது. ஒரு வாரம் வீட்டில் உப்புமா.

இடம் தெரிந்துவிட்டதால் அடுத்தது வைத்தியம். கரோல் பாக் போய், நீங்கள் சைலன்சர் வாங்கின கடையைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் நான் போனில் எடுத்துக்கொண்டு போயிருந்த குமிழி வீடியோவைப் பார்த்துவிட்டு, "அங்கிள்ஜி, வாரண்டி பைப்புக்குத்தான், ஜாயிண்டுக்கு இல்லை" என்றார். ஜாயிண்ட் இல்லாமல் பைப் எப்படி வண்டியில் நிற்கும் என்று கேட்டேன். அதற்கு வாரண்டியில் பதில் இல்லை என்றார். கடைசியில் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே பசை தடவிய பட்டி, கட்டுப்போடுகிற துணி மாதிரி சுருட்டி வைத்திருக்கிறது. இணைப்பைச் சுற்றி இறுக்கச் சுற்ற வேண்டும், இரண்டு முனையையும் கூடவே வருகிற கம்பியால் கட்ட வேண்டும், பிறகு என்ஜினை ஓடவிட்டால் அந்தச் சூட்டிலேயே பசை இறுகிக் கல்லாகிவிடும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. நான் அதை ஒரு வரி விடாமல் படித்து, முக்கியமான இடங்களில் அடிக்கோடு போட்டு, கோப்பில் சேர்த்தேன்.

சனிக்கிழமை காலையில் அடியில் படுத்துப் பட்டியைச் சுற்றிய பிறகுதான் தெரிந்தது, கூடவே வருகிற கம்பி கூட வரவில்லை. பட்டி என் கையை விட்டால் அவிழ்கிறது, கையை எடுக்க முடியவில்லை. ஜெயசீலன் கம்பி தேடி மேலே போனார். காத்திருந்து காத்திருந்து கை மரத்துப்போனது. அப்போது கோப்பு பக்கத்தில்தான் இருந்தது, அதைக் கட்டியிருந்த சிவப்பு நாடா கண்ணில் பட்டது. மாப்பிள்ளை, என் சர்வீசில் நான் கட்டிய நாடா தானாக அவிழ்ந்ததாக ஒரு புகார் வந்ததில்லை. இரண்டு முனையிலும் நாடாவைச் சுற்றி, எங்கள் செக்‌ஷனில் போடுகிற முடிச்சு போட்டேன். அசையவில்லை. ரொம்பத் திருப்தியாக இருந்தது. என்ஜினை ஓடவிட்டு, பத்து நிமிடம் என்று எழுதியிருந்ததால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது பருத்தி நாடா என்பதை நான் யோசிக்கவில்லை. ஆறாவது நிமிடத்தில் புகை வந்தது. பசை இறுகுகிறது என்று நினைத்தேன். ஏழாவது நிமிடத்தில் புகை கறுத்தது. எட்டாவது நிமிடத்தில் பார்க்கிங் காவலாளி ஓடிவந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சுவரில் இருந்த கண்ணாடியை உடைத்துத் தீ அலாரத்தை அழுத்திவிட்டார். பதினாலு மாடி ஜனமும் படி வழியாகக் கீழே இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டோடு வந்தார்கள். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, பிரியாவின் கல்யாண ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் புல்தரையில் நிற்க, நான் முகமெல்லாம் கரியோடு மேலே ஏறி வந்தேன். செயலாளர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அன்று மாலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், தீயணைப்பு ஒத்திகை வெற்றிகரமாக நடந்து முடிந்தது, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி என்று ஒரு செய்தி வந்தது. அவரை நான் முன்பே நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறேன்.

ஜெயசீலன் கம்பியோடு வந்து சேர்ந்தபோது எல்லோரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பட்டி பாதி இறுகி, பாதி அவிழ்ந்து, தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் முன்னைவிட ஒரு பங்கு கூடுதல். அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போனது உண்மை. அக்டோபர் பதினொன்று ஆகிவிட்டது, வளைகாப்புக்கு ஒரு மாதம் கூட இல்லை. பிரியா போனில், "அப்பா, அண்டர்கிரவுண்ட்ல ஆக் லகா தியாவாமே?" என்று கேட்டுச் சிரித்தாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண், தீ வைத்துவிட்டீர்களாமே என்பதைக் கூடப் பாதித் தமிழ் பாதி இந்தியில்தான் கேட்பாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, அவளுக்காக நாங்கள் ஒழித்து வைத்திருந்த அறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, "நீங்க செக்‌ஷன் ஆபீஸர்ங்க. மெக்கானிக் வேலைய மெக்கானிக்கிட்ட விடுங்க" என்றாள். இதை அவள் முதல் நாளே சொன்னாள். அப்போது நான் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, பக்கத்தில் கோட்லா முபாரக்பூரில் இர்ஃபான் பாய் என்கிற வெல்டிங் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். தெரு முனையிலேயே சத்தத்தைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டார். காரை மேலே தூக்கி அடியில் நின்று பார்த்தார். பிறகு முதலில் என் பட்டியைச் சுரண்டி எடுத்தார். அதற்கு உள்ளே இருந்த கிளாம்பைக் கழற்றினார். கிளாம்புக்குள்ளே இரண்டு குழாயும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஒன்று பெரியது ஒன்று சின்னது. அந்தச் சந்தில் கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டித் தகடாக்கிச் சொருகி வைத்திருந்தார்கள் கரோல் பாக் நிபுணர்கள். எலுமிச்சம்பழப் படம் அப்படியே அழியாமல் இருந்தது. இர்ஃபான் பாய் அதை என்னிடம் எடுத்துக் காட்டி, "பாபுஜி, இதுக்கு வாரண்டி இருக்கா கேளுங்க" என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். தகடு இருந்தாலும் இத்தனை சீக்கிரம் விட்டிருக்காதாம். சைலன்சரைத் தூக்கிப் பிடித்திருக்கிற ரப்பர் வளையம் ஒன்று அறுந்துபோய், குழாயின் பாரம் முழுக்க அந்த இணைப்பில் விழுந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடி ஆடித்தான் இணைப்பு விட்டிருக்கிறது. அறுந்த வளையம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு கறுப்புக் கயிற்றை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவர் அதை அறுத்து என் கையில் கொடுத்தார். ராணுவ பூட்ஸில் போடுகிற லேஸ். முடிச்சு ரொம்பப் பக்குவமான முடிச்சு. அது யாருடையது என்று நான் இர்ஃபான் பாயிடமும் கேட்கவில்லை, உங்களிடமும் கேட்கவில்லை. நாட்டைக் காக்கிறவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். லேஸைத் துவைத்து என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

இர்ஃபான் பாய் இரண்டு குழாய் முனையையும் வெட்டி, இரண்டிலும் தட்டையான இரும்பு வளையம் வைத்து வெல்டிங் செய்து, நடுவில் சூடு தாங்குகிற கேஸ்கெட் வைத்து, மூன்று போல்ட் போட்டு முடுக்கினார். புது ரப்பர் வளையமும் மாட்டினார். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிக் கழற்றினார், அது சரியான முறைதான் என்று ஜெயசீலனும் சொல்கிறார். ஆனால் திருப்பி மாட்டியதிலிருந்து உங்கள் பாட்டுப் பெட்டி ஏதோ நாலு எண் கேட்டுக்கொண்டு பாடாமல் நிற்கிறது. உங்கள் பிறந்த வருஷம் போட்டுப் பார்த்தேன், கல்யாண வருஷம் போட்டுப் பார்த்தேன், இப்போது அது என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டது. இது ஒன்றுதான் இந்த வேலையில் ஏற்பட்ட சேதம். மற்றபடி வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அமைதி. நேற்று நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனதே தெரியாமல் காவலாளி, கார் களவு போய்விட்டது என்று வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறார்.

இனி என் வேண்டுகோள். கார் விஷயத்தில் உங்கள் அம்மா என் பேச்சை நம்பத் தயாராக இல்லை. தீ அலாரம் செய்தி ஜனக்புரி வரை போயிருப்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்தக் கடிதம் கிடைத்ததும், வருகிற ஞாயிறு போனில் உங்கள் அம்மாவின் இரண்டு நிமிடத்தில், "கார் சரியாகிவிட்டது, பிரியாவை அதில் தாராளமாக அனுப்பலாம்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மகன் சொன்னால் அவர்களுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நவம்பர் ஆறாம் தேதி என் பெண்ணை நானே ஓட்டி வந்து வீட்டில் சேர்த்துவிடுவேன். இந்த ஓர் உதவியை மாமாவுக்காகச் செய்யவும்.

உங்கள் பங்கரில் விறகு, மண்ணெண்ணெய், கம்பளி எதற்கும் குறைவில்லாமல் இருக்கட்டும். காலை மாலை காதை மூடிக்கொள்ளவும். நீங்களும் உங்களோடு இருக்கிற பிள்ளைகளும் கால் விரல் பத்தும் பத்திரமாகக் கீழே இறங்கி வர எங்கள் இருவரின் ஆசீர்வாதம். அத்தை தனியாகவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், இட்லித் துணி விஷயத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
பரமசிவம்

பின்குறிப்பு (சனிக்கிழமை மாலை): தபால் தலை வாங்க மறந்து கடிதம் இரண்டு நாள் மேஜையிலேயே இருந்துவிட்டது. அதுவும் நல்லதாயிற்று. மேலே கண்ட வேண்டுகோளை ரத்து செய்யவும். உங்கள் அம்மாவிடம் காரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

இன்று காலை, உங்கள் சிபாரிசுக்குக் காத்திராமல் நேரிலேயே காட்டிவிடலாம் என்று நானும் அத்தையும் ஜனக்புரிக்குப் போனோம். உங்கள் அம்மா கீழே இறங்கி வந்தார்கள். என்ஜினை ஓடவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். காரை ஒரு சுற்று சுற்றினார்கள், குனிந்து சைலன்சர் பக்கத்தில் காதை வைத்தார்கள். பிறகு பின் ஸீட்டில் ஏறி, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, கணக்குப் பரீட்சை நடத்துகிற டீச்சர் மாதிரி பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி வந்து, "நல்லாத்தான் இருக்குண்ணே, ஒரு கொறையும் இல்ல" என்றார்கள். நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன், அவர்கள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"இனிமே நான் என்னத்தச் சொல்லி இவள நிறுத்துறது?" என்றார்கள். "அவரும் போய்ச் சேந்துட்டாரு. பெத்த புள்ள மலை மேல போய் ஒக்காந்திருக்கான். இந்தப் புள்ளையும் போயிட்டா அந்த வீட்ல நான் யாருக்குப் பொங்கி யாரோட உக்காந்து சாப்புடுவேன்?"

டாக்ஸி வேண்டாம், மெட்ரோ வேண்டாம் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மாதமாகக் காருக்கு அடியில் படுத்துக் காதைத் தீட்டிக் கேட்ட நான், அந்த அம்மாள் சொன்னதை ஒரு நாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை.

உங்கள் அத்தைதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அட என்ன மதினி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நீங்களும் அவகூட கெளம்பி வாங்க. பேரப்புள்ள பொறந்து நடக்கிற வரைக்கும் நம்ம வீட்லயே இருங்க. இவரு ஹால்ல படுத்துக்கிருவாரு" என்றாள். பெண் எடுத்த வீட்டில் போய் எப்படித் தங்குவது, ஊர் என்ன சொல்லும் என்று உங்கள் அம்மா தயங்கினார்கள். "ஊரு இங்கேருந்து ரெண்டாயிரத்தைந்நூறு கிலோமீட்டர் மதினி, அங்க கேக்காது" என்றாள் அத்தை. அதோடு முடிந்தது. ஆகவே நவம்பர் ஆறாம் தேதிக்குப் பிறகு மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒரே முகவரியில், அதாவது இந்த முகவரியில், கடிதம் எழுதவும்.

இந்தச் சந்தோஷத்தோடு மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று நான்கு பேரும் காரிலேயே கிளம்பினோம். உங்கள் அம்மா முன் ஸீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் ஒரு சத்தம் இல்லை. கோயிலுக்கு நூறு அடி இருக்கும்போது, நான்கு பேர் பாரத்தோடு ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினேன். அடியில் டங் என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ட்ராக்டரே ஓடுகிற மாதிரி தட தட தட. இர்ஃபான் பாயின் மூன்று போல்ட்டில் ஒன்று போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவசரமாக எல்லாக் கண்ணாடியையும் இறக்கினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பின்னால் பிரியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எந்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பது என்று தெரியாமல், "மன்னிச்சிருங்க சம்பந்தியம்மா, மறுபடி சத்தம் வந்துருச்சு" என்றேன்.

உங்கள் அம்மா நேராகக் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணே" என்றார்கள்.